ஸ்டாலின் இருந்ததால் செஞ்சேனை வென்றதா, இருந்தும் வென்றதா?

இரும்புக்கை:

இரண்டாம் உலகப் போர் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் வந்து, சர்வாதிகாரியின் படை உருப்படாது, சுதந்திர நாட்டுப் படைதான் மனசு வைத்துச் சண்டை போடும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 1940 மே 10 அன்று ஜெர்மனி தாக்கியபோது பிரான்ஸ் ஒரு குடியரசு, ஐரோப்பாவின் பெரிய படைகளில் ஒன்றை வைத்திருந்தது, ஆறு வாரத்தில் முடிந்துபோனது. 1941 ஜூன் 22 அன்று அதே ஜெர்மனி அதைவிடப் பெரிய படையோடு ஸ்டாலின் ஆண்ட சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்தது. மின்ஸ்க் போனது, ஸ்மோலென்ஸ்க் போனது, கீவ் போனது, லெனின்கிராடு முற்றுகையில் சிக்கியது, லட்சக்கணக்கில் வீரர்கள் பிடிபட்டார்கள், அப்படியும் அந்த அரசு உடையவில்லை. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே 1,500க்கு மேற்பட்ட பெரிய தொழிற்சாலைகளைப் பிரித்து ரயிலில் ஏற்றி உரால் மலைக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோனார்கள். கார்கிவ் டாங்கி ஆலை நிஷ்னி தகீலுக்குப் போனது, லெனின்கிராடின் கிரோவ் ஆலையில் பெரும்பகுதி செல்யாபின்ஸ்க்குக்குப் போனது. தேர்தல், எதிர்க்கட்சி, பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? முழுப் போர் என்று வந்துவிட்டால் ஒரே கையில் அதிகாரமும், மக்கள் எதற்காகச் சாகிறோம் என்று நம்புவதற்கு ஒரு கொள்கையும் இருக்கும் நாடுதான் தாங்கும். இதுதான் என் வாதம்.

வடதுருவம்:

நண்பரே, ஆரம்பத் தேதியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். 1937 ஜூனில் மார்ஷல் துகாசெவ்ஸ்கியையும் இன்னும் ஏழு மூத்த தளபதிகளையும் ரகசியமாக விசாரித்துச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது செஞ்சேனையில், அதாவது சோவியத் ராணுவத்தில், இருந்த ஐந்து மார்ஷல்களில் மூன்று பேர் அடுத்த இரண்டே ஆண்டுகளில் இல்லை. மிஞ்சியவர்கள் வொரோஷிலோவும் புத்யோன்னியும், இரண்டு பேரும் ஸ்டாலினின் உள்நாட்டுப் போர்க்காலக் கூட்டாளிகள். டாங்கிகளைத் திரட்டி எதிரியின் பின்புலம் வரை ஆழமாக ஊடுருவும் போர்முறையை எழுதி வளர்த்தவர்களைக் கொன்றுவிட்டு, நம்பிக்கைக்கு உரியவர்கள் என்ற ஒரே தகுதியில் மற்றவர்களை வைத்துக்கொண்டார்.

விளைவு பின்லாந்தில் தெரிந்தது. 1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை நடந்த குளிர்காலப் போரில் சோவியத் தரப்பில் இறந்தவர்கள் 1,20,000க்கும் அதிகம், பின்லாந்து தரப்பில் சுமார் 25,000. பின்லாந்தின் ராத்தே சாலையில் சோவியத்தின் 44ஆம் டிவிஷன் துண்டு துண்டாக வெட்டப்பட்டது, அதன் தளபதி வினோகிராதோவைச் சொந்த வீரர்கள் முன்னாலேயே சுட்டார்கள். அடுத்த தளபதி இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்? பின்வாங்க வேண்டிய நேரத்தில்கூட, மேலிருந்து உத்தரவு வரும்வரை விரலைக்கூட அசைக்கக் கூடாது என்றுதான்.

1941இல் நடந்ததும் அதே. படையெடுப்பு வரப்போகிறது என்று பல பக்கத்திலிருந்தும் எச்சரிக்கை வந்தது. ஸ்டாலின் நம்பவில்லை. ஜூன் 14 அன்று சோவியத் அரசின் டாஸ் செய்தி நிறுவனம், ஜெர்மனி தாக்கும் என்பது வெறும் வதந்தி என்று அறிக்கை விட்டது. எல்லைப் படைகளைத் தயார்நிலையில் வைக்கச் சொல்லும் உத்தரவு ஜூன் 21 நள்ளிரவுக்குப் பக்கத்தில்தான் கிளம்பியது, பல இடங்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. நாடு தாங்கியது என்று பெருமைப்படுகிறீர்கள், தாங்க வேண்டிய அந்த அடியைப் பாதி உண்டாக்கியதே அந்த ஆட்சிதான்.

இரும்புக்கை:

1937 களையெடுப்பை நான் எங்கும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவது எளிதான வழி. அந்த நாலைந்து ஆண்டுகளில் செஞ்சேனை சுமார் 15 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்கு வளர்ந்தது. அந்த வேகத்தில் எந்தப் படை பெருத்தாலும் அனுபவமுள்ள அதிகாரிகள் போதமாட்டார்கள், ஒருவரையும் கைது செய்யாமல் இருந்திருந்தாலும் லெப்டினன்ட்கள் பட்டாலியன்களை நடத்தியிருப்பார்கள்.

அப்புறம், பிரான்ஸில் யாரையும் களையெடுக்கவில்லையே, ஏன் தோற்றது? 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் தரப்புப் படை, பிடிக்க வந்த ஜப்பானியப் படையைவிடப் பெரியது. அந்த ஜப்பானை ஆண்டது ராணுவம். ஆக, ஜனநாயகம் இருந்தால் படை நன்றாகச் சண்டை போடும் என்பதற்கு இந்தப் போரே எதிர்ச்சாட்சி.

பழைய வாசகி:

இரண்டு பேரும் சர்வாதிகாரத்தையும் ஜனநாயகத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறீர்கள். இரண்டு நாடுகளை ஒப்பிட்டால் நிலப்பரப்பு, தொழில்வளம், மக்கள்தொகை எல்லாம் குறுக்கே வந்து நிற்கும். (பிரெஞ்சுப் படைக்குப் பின்வாங்க ஆயிரம் கிலோமீட்டர் இடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?) அதைவிட, ஒரே சர்வாதிகாரி, ஒரே கட்சி, ஒரே எதிரி, ஆனால் இரண்டு வெவ்வேறு ஆண்டுகள் என்று பாருங்கள்.

1941 ஜூலை இறுதியில் ஷூக்கோவ் கீவைக் கைவிட வேண்டிவரும் என்று ஸ்டாலினிடம் சொன்னார், தலைமைப் படை அலுவலர் பதவியை இழந்தார். செப்டம்பரில் கீவைச் சுற்றி வளையம் மூடியபோது பிடிபட்டவர்கள் 6 லட்சத்துக்கும் அதிகம் என்பது ஜெர்மன் கணக்கு, தென்மேற்கு முனைத் தளபதி கிர்போனோஸ் வெளியேற முயன்று உயிரை விட்டார். 1942 மே மாதம் கார்கிவில் மறுபடி அதே கதை, சுற்றிவளைக்கப் போகிறார்கள் என்று எச்சரிக்கை வந்தும் தாக்குதலை நிறுத்த ஸ்டாலின் நெடுநேரம் சம்மதிக்கவில்லை.

அதே ஆள் அந்த இலையுதிர்காலத்தில் தளபதிகள் ஷூக்கோவும் வசிலெவ்ஸ்கியும் போட்ட திட்டத்துக்குத் தலையாட்டி, அவர்கள் கேட்ட கால அவகாசத்தையும் கொடுக்கிறார். 1942 அக்டோபர் 9 அன்று அரசியல் கமிசார்களின் (படையைக் கண்காணிக்கக் கட்சி வைத்த அதிகாரிகள்) இரட்டை அதிகாரம் ஒழிகிறது, இனி தளபதி கையெழுத்தே போதும். நவம்பர் 19 அன்று ஸ்டாலின்கிராடின் ஒரு பக்கவாட்டிலும் மறுநாள் மற்றொரு பக்கவாட்டிலும் தாக்குதல் தொடங்குகிறது, நாலே நாளில் ஜெர்மன் ஆறாவது படை வளையத்துக்குள். 1943 ஏப்ரலில், வரப்போகும் கூர்ஸ்க் சண்டை பற்றிப் பேசும்போது, முதலில் அடிக்கத் துடித்தவரைத் தளபதிகள் தற்காப்பில் நிற்கச் சம்மதிக்க வைக்கிறார்கள். 1941இல் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆட்சிமுறை மாறவில்லை, கட்சி மாறவில்லை, ரகசியப் போலீஸ் எங்கும் போய்விடவில்லை. தளபதிகள் தன்னைக் கவிழ்த்துவிடுவார்கள் என்ற பயத்தைவிட ஜெர்மன்காரன் வந்துவிடுவான் என்ற பயம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான் மாறியது. சர்வாதிகாரி யாரைப் பார்த்து அதிகம் பயப்படுகிறார் என்பதுதான் அவர் படை எப்படிச் சண்டை போடும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இரும்புக்கை:

அப்படியென்றால் ஹிட்லரை எங்கே வைப்பீர்கள்? 1941 டிசம்பரில் மாஸ்கோ வாசலில் ஜெர்மன் படை உறைந்துபோய்க் கிடந்தபோது தளபதிகள் எல்லாரும் பின்வாங்கத் துடித்தார்கள். ஒரு அடிகூட நகரக் கூடாது என்று ஹிட்லர் பிடிவாதமாக நின்றார். 1812இல் நெப்போலியன் படை சிதறியதுபோலச் சிதறாமல் முனை நின்றதற்கு அந்த உத்தரவுதான் காரணம் என்று ஜெர்மன் தளபதிகளில் சிலரே பின்னாளில் ஒத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் ஒரு குழு உட்கார்ந்து விவாதித்திருந்தால்?

வடதுருவம்:

அந்த உத்தரவு பலித்ததுதான் அவர்களுக்கு வினையாகப் போனது. 1941 டிசம்பர் 19 அன்று தரைப்படைத் தலைவர் பிராஉகிட்ஷை அனுப்பிவிட்டுத் தரைப்படைத் தலைமையை ஹிட்லரே எடுத்துக்கொண்டார், சொல்லாமல் பின்வாங்கிய டாங்கிப் படைத் தளபதி குடேரியனை அந்த மாதமே வீட்டுக்கு அனுப்பினார். மன உறுதி இருந்தால் வரைபடம், பெட்ரோல், ரயில்பாதை எதுவும் பொருட்டில்லை என்று அவருக்குள் ஒரு நம்பிக்கை உட்கார்ந்துவிட்டது. 1942 செப்டம்பரில் தரைப்படையின் தலைமைப் படை அலுவலர் ஹால்டரும் போனார். ஸ்டாலின்கிராடில் வளையத்துக்குள் சிக்கிய படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் வேண்டும், விமானத்தில் கொண்டுவந்து கொட்டுகிறேன் என்று விமானப்படைத் தலைவர் கோயரிங் வாக்குக் கொடுத்தார், வந்து சேர்ந்ததோ சராசரியாக 100 டன்னை ஒட்டித்தான். முடியாது என்று விமானப்படை அதிகாரிகளே முன்கூட்டிச் சொன்னார்கள், ஆனால் முடியும் என்று சொன்னவரின் குரல்தான் எடுபட்டது. 1943 ஜனவரி 30 அன்று அந்தப் படையின் தளபதி பவுலுஸை ஹிட்லர் ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார், ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் எவரும் உயிரோடு பிடிபட்டதில்லை என்பதால் அதற்குள் இருந்த செய்தி பவுலுஸுக்குப் புரியாமல் இருந்திருக்காது. மறுநாள் அவர் பிடிபட்டார். முடிவில் சரணடைந்தவர்கள் சுமார் 91,000 பேர்.

1944 கோடையில் அதே நோய் முற்றிவிட்டது. வீதெப்ஸ்க், ஓர்ஷா, மொகிலேவ், பப்ரூய்ஸ்க் என்ற பெலாரஸ் நகரங்களைக் கோட்டைகளாக அறிவித்து, கடைசி ஆள் வரை விடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஜூனில் சோவியத் படை சுற்றிக்கொண்டு போனபோது ஜெர்மனியின் மத்திய படைக்குழு சில வாரங்களில் கரைந்துபோனது. நீங்கள் மெச்சும் அந்த ஒரே கை 1941 டிசம்பரில் ஒருமுறை பிடித்து நிறுத்தியது என்பது சரி, விட வேண்டிய நேரத்தில் விரலைப் பிரிக்க அந்தக் கைக்குத் தெரியவில்லையே.

அகல்விளக்கு:

கொள்கை மக்களுக்கு வலு கொடுக்கும் என்று முதல் பதிவில் இரும்புக்கை சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். நாஜிகளுக்கும் கொள்கை இருந்தது, அதன்மேல் அசைக்க முடியாத நம்பிக்கையும் இருந்தது. ஸ்லாவியர் தாழ்ந்த இனம், கதவை ஒரு உதை விட்டால் மொத்த வீடும் சரிந்துவிடும் என்று நம்பினார்கள். 1941 ஜூலை 3 அன்று ஹால்டர் தன் நாட்குறிப்பில், இரண்டு வாரத்துக்குள் ரஷ்யப் போர் வெல்லப்பட்டுவிட்டது என்று சொன்னாலும் மிகையில்லை என்கிற பொருளில் எழுதுகிறார். ஆகஸ்ட் 11 அன்று அதே நாட்குறிப்பில், எதிரிக்கு 200 டிவிஷன் என்று கணக்கிட்டிருந்தோம், இப்போதே 360 எண்ணியாகிவிட்டது என்கிறார். எதிரியை மனிதனாகவே மதிக்காதவன் அவனைச் சரியாக எண்ணவும் மாட்டான்.

அதோடு நிற்கவில்லை. பிடிபட்ட சோவியத் வீரர்களில் சுமார் 33 லட்சம் பேர் ஜெர்மானியர் கையில் செத்தார்கள், பெரும்பாலும் பட்டினியிலும் குளிரிலும், முள்வேலிக்குள், திறந்த வெளியில். பிடிபட்ட கமிசார்களைச் சுடச் சொல்லி படையெடுப்புக்கு முன்பே எழுத்தில் உத்தரவு இருந்தது. உக்ரைனில் 1932-33 பஞ்சத்தைக் கண்ட கிராமங்கள் பல ஸ்டாலினை வெறுத்தன, ஜெர்மன்காரனை வரவேற்றவர்களும் இருந்தார்கள். அந்த மக்களுக்கு ஜெர்மனி என்ன கொடுத்தது? கூட்டுப்பண்ணைகளைக் கலைக்கக்கூட இல்லை, தானியத்தை அள்ளிக்கொண்டு போனது, இளைஞர்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துப் போனது, யூதர்களைக் குழிகளின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டது. சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தபிறகு செஞ்சேனை வீரனுக்குச் சண்டை போடுவதைத் தவிர வேறு வழி இருந்ததா? அந்த உறுதியை ஸ்டாலின் கணக்கில் எழுதுவது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை.

ஸ்டாலினும் போருக்காகத் தன் கொள்கையைத்தான் முதலில் மூட்டை கட்டினார். 1941 நவம்பர் 7 அணிவகுப்பில் அவர் பெயர் சொல்லி அழைத்தது அலெக்சாந்தர் நெவ்ஸ்கியையும் சுவோரோவையும் குதுசோவையும், பழைய ரஷ்ய வீரர்களை. 1943 ஜனவரியில் ஜார் படையின் தோள்பட்டைச் சின்னங்கள் திரும்ப வந்தன, மே மாதம் உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கொமின்டர்ன் கலைக்கப்பட்டது, செப்டம்பரில் தேவாலயம் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க அனுமதி கிடைத்தது. மக்கள் எதற்காகச் சாவார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

இரும்புக்கை:

நாஜிக் கொள்கை தற்கொலைக் கொள்கை, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் கொள்கை என்றாலே படைக்குக் கேடு என்று போகாதீர்கள். வியட்நாமைப் பாருங்கள். கட்சிதான் படையை நடத்தியது, ஒவ்வொரு மட்டத்திலும் அரசியல் அதிகாரி. 1954 மே 7 அன்று தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. பீரங்கிகளைக் கையால் மலைமேல் இழுத்துப் போனவர்களும், சைக்கிளில் அரிசி தள்ளிக்கொண்டு நடந்தவர்களும் சம்பளத்துக்காகவா செய்தார்கள்?

பழைய வாசகி:

அருமையான உதாரணம், ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். 1954 ஜனவரியில் வேகமாக அடித்து வேகமாக முடிக்கும் திட்டம் தயாராக இருந்தது. கடைசி நேரத்தில் வியட்நாம் தளபதி வோ குயென் ஜியாப் அதை நிறுத்தினார், பீரங்கிகளைத் திரும்ப இறக்க வைத்தார், பதுங்குகுழி வெட்டிக்கொண்டு மெல்ல நெருங்கும் முறைக்கு மாறினார். தன் வாழ்க்கையிலேயே கடினமான முடிவு அதுதான் என்று பிறகு சொன்னார். தலைவரைக் கேட்காமல் அதைச் செய்ய அவரால் முடிந்ததற்குக் காரணம், வெற்றி உறுதி என்றால் அடியுங்கள், உறுதி இல்லையென்றால் அடிக்காதீர்கள் என்று முழுப் பொறுப்பையும் ஹோ சி மின் அவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். வினோகிராதோவுக்கும் கிர்போனோஸுக்கும் கிடைக்காதது அதுதான்.

எதிர்ப்பக்கம் தெற்கு வியட்நாமில் இன்னொரு சர்வாதிகாரி இருந்தார், ங்கோ தின் தியெம். 1960 நவம்பரில் பாராசூட் படையினர் அவரைக் கவிழ்க்கப் பார்த்ததிலிருந்து அவர் கண் முழுக்கச் சொந்தத் தளபதிகள்மேல். 1963 ஜனவரி 2 அன்று அப் பாக் கிராமத்தில் ஆள் பலம், கவச வண்டி, ஹெலிகாப்டர் எல்லாம் இருந்தும் அவர் படை ஒரு சிறிய கெரில்லாப் பிரிவைப் பிடிக்க முடியாமல் திணறியது. விசுவாசம் பார்த்துப் பதவி கொடுத்த அதிகாரிகள், ஆள் சேதம் அதிகமானால் அதிபர் கோபிப்பார் என்று முன்னேறவே தயங்கினார்கள். அந்த நவம்பரிலேயே தியெம் தன் தளபதிகள் கையில் செத்தார். இரண்டும் வியட்நாம், இரண்டும் சர்வாதிகாரம்.

வடதுருவம்:

இதே வேறுபாட்டை ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் ஈராக்கின் சதாம் உசேன். ராணுவத்தில் ஒரு நாள்கூடப் பணியாற்றாதவர், 1980 செப்டம்பர் 22 அன்று ஈரானுக்குள் படையை அனுப்பினார். தன் பாத் கட்சி விசுவாசிகள், உறவுக்காரர்கள் என்று பார்த்துப் பதவி. கொஞ்சம் பெயர் வாங்கிய தளபதியை உடனே இடம் மாற்றுவார். 1982 மே 24 அன்று, பிடித்து வைத்திருந்த ஈரான் நகரமான கொர்ரம்ஷகர் கைவிட்டுப் போனதும் அதிகாரிகளைச் சுட்டார். 1986 பிப்ரவரியில் ஈராக்கின் ஃபாவ் தீபகற்பமே ஈரான் கைக்குப் போனது, அந்தக் கோடையில் எல்லை நகரமான மெஹ்ரானிலும் அடி. ஈராக்கின் தெற்கு நகரமான பாஸ்ரா போய்விடும், பாஸ்ரா போனால் ஆட்சியும் போகும் என்ற நிலை வந்தபிறகுதான் தளபதிகளுக்குத் திட்டமிடும் சுதந்திரம் கொடுத்தார், குடியரசுக் காவல்படையைப் பெருக்கிப் பயிற்சிக்கு அனுப்பினார். 1988 ஏப்ரலில் அதே ஃபாவை இரண்டே நாளுக்குள் மீட்டார்கள். அதில் ரசாயன ஆயுதம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், அந்த வெற்றியைப் புகழ எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒத்திகை பார்த்து, பீரங்கியும் டாங்கியும் காலாட்படையும் ஒன்றாக நகர்ந்த தாக்குதல் அது, 1980இல் அதே நாட்டுப் படையால் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இரும்புக்கை:

ஈரான் பக்கத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? புரட்சி முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, மன்னர் ஷா காலத்து அதிகாரிகளைச் சுட்டும் சிறையில் போட்டும் முடித்திருந்தார்கள், உதிரிபாகம் கொடுத்த அமெரிக்கா பகை. வடதுருவத்தின் கணக்குப்படி அந்தப் படை ஒரு மாதத்தில் நொறுங்கியிருக்க வேண்டும். கொர்ரம்ஷகரில் ஒரு மாதத்துக்கு மேல் தெருத்தெருவாகச் சண்டை போட்டார்கள், ஒன்றரை வருடத்தில் திருப்பியும் எடுத்தார்கள். நம்பிக்கை இல்லாமல் இது நடக்குமா? கணக்கில் வராத பலம் அது, நீங்கள் எல்லாரும் பதவி நியமனத்தையே பார்த்துக்கொண்டு அதைப் பார்க்க மறுக்கிறீர்கள்.

அகல்விளக்கு:

நான் மறுக்கவில்லை. சொந்த மண்ணைக் காக்கும்போது அந்த நம்பிக்கை மலையைப் பெயர்த்தது உண்மை. ஆனால் சிறையில் இருந்த விமானிகளை வெளியே விட்டு விமானம் ஓட்டச் சொல்ல வேண்டியிருந்தது என்பதும் அதே வரலாறு. அப்புறம் 1982 ஜூலையில் எல்லை தாண்டி பாஸ்ராவை நோக்கிப் போனார்களே, அப்போது அதே நம்பிக்கை என்ன செய்தது? பதின்ம வயதுப் பையன்களை பசீஜ் என்ற பெயரில் கண்ணிவெடி நிலத்துக்குள்ளும் இயந்திரத் துப்பாக்கி முன்னாலும் அலை அலையாக அனுப்பினார்கள். 1987 ஜனவரியில் பாஸ்ரா வாசலில் மறுபடியும். வீரம் குறையவே இல்லை, பீரங்கி ஆதரவும் வாகனமும் வானில் பாதுகாப்பும் இல்லை. நிறுத்தலாம் என்று சொல்வதே துரோகம் என்றாகிவிட்டதால் போர் இன்னும் ஆறு வருடம் ஓடியது. 1988 ஜூலையில் போர்நிறுத்தத்தை ஏற்பது விஷம் குடிப்பது போல என்று ஈரான் தலைவர் கொமேனி சொன்னார். அந்த விஷத்தை 1982லேயே குடித்திருந்தால் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள்? இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிரிட்டனில் 1942 ஜூனில் லிபியாவில் தங்கள் கையிலிருந்த தொப்ரூக் விழுந்ததும், ஜூலை 2 அன்று சர்ச்சில்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். 475க்கு 25 என்று அவர் தப்பினார். போருக்கு நடுவில் பிரதமரை எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்டும் அந்த நாடு தோற்கவில்லை.

இரும்புக்கை:

நடுவில் கடல் இருந்த நாடு அது, வசதியாகக் கேள்வி கேட்கலாம். வோல்கா கரையில் எதிரி நிற்கும்போது யாரும் வாக்கெடுப்பு நடத்த மாட்டார்கள். பழைய வாசகி சொன்ன பயத்தின் திசை பற்றிய கருத்தை ஏற்கிறேன், ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஆபத்து முற்றியதும் ஸ்டாலின் தன்னை மாற்றிக்கொண்டார், ரொகசோவ்ஸ்கியைச் சிறையிலிருந்து எடுத்துத் தளபதி ஆக்கினார். சர்வாதிகாரியால் கற்றுக்கொள்ள முடியும்.

பழைய வாசகி:

ரொகசோவ்ஸ்கி வெளியே வந்தது 1940 மார்ச்சில், அடியில் பல் போய்த் திரும்பியவர். 1944இல் பெலாரஸ் தாக்குதலுக்கு ஒரே முனையில் அடி என்று ஸ்டாலின் சொன்னபோது, இரண்டு முனையில்தான் அடிப்பேன் என்று அவர் முகத்துக்கு நேரே நின்றதாக அவரது நினைவுக் குறிப்பு சொல்கிறது, வெளியே போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று இரண்டு முறை அனுப்பியும் மாறவில்லையாம். ஸ்டாலின் இறங்கி வந்தார், கற்றுக்கொண்டார் என்பது சரி. அந்தப் பாடத்துக்கான கட்டணத்தைக் கட்டியவர்கள் போரில் இறந்த சுமார் 87 லட்சம் சோவியத் வீரர்களில் கணிசமானோர்.

கற்றது நிலைத்ததா என்று அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். பெர்லின் விழுந்த மறு வருடமே, 1946இல், விமானப்படைத் தலைவர் நோவிகோவ் கைது, ஷூக்கோவ் ஒதேசாவுக்குத் தூக்கியடிக்கப்படுகிறார். 1942 கோடையில் ஸ்டாலின்கிராடு முனைக்குத் தளபதியாக இருந்த கோர்தோவ், வீட்டில் பேசியதை ஒட்டுக்கேட்டுப் பிடிக்கப்பட்டு 1950 ஆகஸ்டில் சுடப்பட்டார். சதாமும் அப்படியே, ஈரான் போர் முடிந்த கையோடு அதில் பெயர் வாங்கிய தளபதி மாகிர் அப்துல் ரஷீதை ஓரங்கட்டினார், 1991இல் குவைத்தில் நின்ற படை எப்படிக் கரைந்தது என்று உலகமே பார்த்தது. எதிரி போனதும் பயம் பழைய திசைக்கே திரும்பிவிடுகிறது இரும்புக்கை, அதை உங்கள் வாதத்தில் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.